இயந்திரம் பார்த்த கண்ணும் ஒருவரும் பார்க்காத காலும்

வடமராட்சிப் பக்கம் இருந்து ஒரு சகோதரி வைத்தியரான எனக்கு நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை இனங்காட்டும் விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. அப்பா அம்மாவோடு இருக்கிறார், வேலைக்கும் போகிறார். அப்பாவுக்கு 71. சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். 16 வருடமாகச் சீனி வருத்தம்; மாதாமாதம் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தனியார் நிலையத்தில் அவருடைய கண்களைப் படம் எடுத்திருக்கிறார்கள். படம் எடுத்த பிள்ளை, "இதை டொக்டர் பாக்கிறேல்லை ஐயா, கொம்பியூட்டரே பாத்துச் சொல்லும்" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வந்த துண்டில் 'மேலதிகக் கண் பரிசோதனை தேவை' என்று அச்சடித்திருந்தது. அப்பாவுக்குக் கோபம். "மனுசர் பாக்காமல் மெஷின் பாத்ததை நான் ஏன் கேக்கோணும்?" துண்டு மடித்தபடி சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கண் வைத்தியரிடம் இன்னும் போகவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா இதற்கு நேர் எதிர். போனில் கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை அவர் முழுதாக நம்புகிறார். அப்பாவின் கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதற்குள் ஏற்றியிருக்கிறார். "உங்கட டொக்டர் ரெண்டு நிமிசம்தான் பாக்கிறார். இது எவ்வளவு கேட்டாலும் சலிக்காமல் சொல்லுது. மெஷின் பிழை விடாது" என்பது அவருடைய கட்சி. போன மாதம் அப்பா "கால் விறைக்குது" என்று போனில் சொன்னதும், அண்ணா அதையும் செயலியிடம் கேட்டுவிட்டு, இரவில் சுடுதண்ணீரில் கால் வைக்கவும் கணுக்காலை மடக்கி நீட்டவும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அம்மா தண்ணீர் சுட வைக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். சில மாதமாக அவருக்கே இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. எழும்பி இருந்து அதே மாதிரிச் செயலியோடு கதைக்கிறார். ஆறுதலாக இருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது என்கிறார்.

அவருடைய கேள்விகள்: அப்பாவை வற்புறுத்தலாமா? அண்ணா சொல்வது சரியா? நாளைக்கு வைத்தியசாலைகளில் இயந்திர வைத்தியர் வந்தால் எங்கள் சனம் நம்புமா, நம்பத்தான் வேண்டுமா? பிழைத்துப் போனால் யாரைப் போய்க் கேட்பது? அண்ணா ஏற்றிய கொப்பிப் படங்கள் என்ன ஆகும்?

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடுதண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள். கண் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே ஒழுங்கு செய்யுங்கள். அதற்கிடையில் அப்பாவுக்குத் திடீரென்று பார்வை மங்கினாலோ, கண்முன்னே கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம்.

அப்பா கேட்பதைத்தான் துண்டும் சொல்கிறது

அப்பாவின் கோபத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. தன் உடம்பைப் பற்றி ஒரு முடிவு வரும்போது அதை ஒரு முகம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது பட்டிக்காட்டுத்தனம் இல்லை. ஆனால் அந்தத் துண்டை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். 'உங்களுக்கு இன்ன வருத்தம், இன்ன மருந்து' என்று அது சொல்லவில்லை. 'இதை ஒரு கண் வைத்தியர் பார்க்க வேண்டும்' என்றுதான் சொல்கிறது. மனுசர் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, மனுசர் பார்க்கட்டும் என்று சொன்ன துண்டைத்தான் அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இதை அவரிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள். சங்கக்கடைக் கணக்குப் பார்த்தவருக்கு இது விளங்கும்.

இந்தக் கண் கருவிகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. சீனி வருத்தம் விழித்திரையில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். குழாய் கசியும், பிறகு இரத்தம் கசியும். நோ இருக்காது. பார்வையும் கனகாலம் நன்றாகவே இருக்கும். 'எனக்குப் பேப்பர் வாசிக்க ஏலுது, ஏன் கண்ணைக் காட்டோணும்' என்று கேட்பவர்கள் கடைசியில் பிந்தித்தான் வருவார்கள். அதனால்தான் சீனி வருத்தக்காரர் எல்லாரும் வருடம் ஒரு தடவையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறோம். அத்தனை பேரையும் பார்க்கக் கண் வைத்திய நிபுணர்கள் எங்கேயும் போதாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தக் கருவி வந்தது.

வைத்தியர் ஒருவர் படத்தைப் பார்க்காமல் தானாகவே முடிவு சொல்லும் முதல் கருவிக்கு அமெரிக்கா 2018 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் 900 பேரில் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 87 பேரைச் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 100க்கு ஏறக்குறைய 90 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. கடைக்கணக்காகப் பார்த்தால், வருத்தம் இருக்கும் 100 பேரில் 13 பேர் தப்பிவிடுகிறார்கள். வருத்தம் இல்லாத 100 பேரில் 10 பேர் வீணாக அலைகிறார்கள். வீண் அலைச்சலால் போவது அரை நாளும் ஓட்டோக் காசும். போகாமல் விட்டால் போவது பார்வை. உங்கள் அப்பாவின் படத்தை வாசித்தது இதே கருவியா என்று நீங்கள் எழுதவில்லை. கருவிக்குக் கருவி எண்கள் மாறலாம், இந்த இலாப நட்டக் கணக்கு மாறாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 71 வயதில் கண்புரை இருப்பது சாதாரணம். கண்புரை இருந்தால் படம் தெளிவாக விழாது. தெளிவில்லாத படத்துக்கும் பல கருவிகள் 'மேலதிகப் பரிசோதனை தேவை' என்றே போடும். ஆகவே துண்டைப் பார்த்துவிட்டு அப்பாவின் கண் போய்விட்டது என்று அம்மா அழவும் வேண்டாம். தாய்லாந்தில் கூகிள் தன் கண் கருவியைக் கிராமத்து கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தெளிவில்லை என்று கருவியே திருப்பிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இன்டர்நெட் வேகம் போதாது, வரிசையில் சனம். ஆய்வுகூடத்தில் கெட்டிக்காரனாக இருந்தது கிளினிக்கில் தடுமாறியது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

விறைப்பு என்ற ஒரு சொல்

கண்ணைவிட எனக்கு அதிகம் பயம் தந்தது உங்கள் கடிதத்தின் கால் விஷயம்தான். நீங்கள் அதை நாலு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அண்ணா செயலிக்கு அனுப்பிய கேள்வியையும் நீங்கள் இணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 'கால் விறைக்குது' என்பதை அவர் ஆங்கிலத்தில் மூட்டு இறுகிப்போவதைக் குறிக்கும் சொல்லாக மாற்றியிருக்கிறார். சின்ன வயதிலேயே போனவர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சீனி வருத்தம் உள்ள ஒருவர் எங்கள் ஊரில் கால் விறைக்குது என்றால், உணர்ச்சி மரத்துப் போகிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். மூட்டு இறுக்கத்துக்குச் சுடுதண்ணீரும் பயிற்சியும் நல்ல ஆலோசனை. மரத்துப்போன காலுக்கு அதே சுடுதண்ணீர் ஆபத்து. சூடு தெரியாது, தோல் வெந்துபோகும். கொப்புளம் வந்ததும் தெரியாது, அது புண்ணாகும், சீனிக் காலில் புண் இலகுவில் ஆறாது. நல்லூர்த் திருவிழா நாட்களில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்றிவிட்டு, உள்ளங்கால் பொங்கியதை வீட்டுக்குப் போய்ச் சாரத்தில் ஈரம் பட்ட பிறகுதான் கண்டேன் என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே இயந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் கொடுத்தது. கேள்விதான் அப்பாவின் கேள்வி இல்லை. அது காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. '16 வருடச் சீனி' என்ற தகவல் கொப்பியின் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தமிழிலேயே கேட்டிருந்தாலும் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சொற்கள் பொல்லாதவை. 'களைக்குது' என்று இங்கே ஒருவர் சொன்னால் சில நேரம் அது அசதி, பல நேரம் மூச்சு வாங்குவது. 'செமியாக்குணம்', அதாவது அசீரணம், என்று சொல்லிக்கொண்டு மாரடைப்போடு வந்தவர்கள் உண்டு. 'நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி' என்பதை எந்த அகராதியில் தேடுவது?

நான் மட்டும் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சனம் நிரம்பி வழிந்த ஒரு காலையில், "களைப்பாய்க் கிடக்கு" என்ற ஒரு முதியவருக்கு அசதி என்று எழுதி விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரின் சொல் அது, இருந்தும். வாசலில் நின்ற அவருடைய மனைவி திரும்பி வந்து, "டொக்டர், படுத்தாத்தான் களைக்குது, இருந்தால் இல்லை" என்றார். காதுக்குழலை வைத்துக் கேட்டால் நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. இதயம் பலவீனம். நானும் பிழைவிட்டேன், இயந்திரமும் பிழைவிடும். என் பிழையை ஒரு மனைவி வாசலில் நின்று திருத்தக்கூடியதாக இருந்தது. ரொறன்ரோவுக்கும் வடமராட்சிக்கும் நடுவில் அந்த வாசல் எங்கே இருக்கிறது?

ஆக, அடுத்த கிளினிக்கில் அப்பாவின் கால்களைக் கட்டாயம் காட்டுங்கள். மெல்லிய நைலோன் நூலால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, இரண்டு நிமிடம் போதும். சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையைக் கனகாலமாக எடுக்கிறவர் என்றால் விற்றமின் பி12 குறைவாலும் விறைக்கலாம், அதையும் கேளுங்கள். வீட்டில் தினமும் நீங்களோ அம்மாவோ கால் விரல் இடுக்குவரை பாருங்கள். முற்றத்துக்கும் செருப்போடு போகட்டும்.

இன்னும் ஒன்று கவனித்தீர்களா? மெஷினை நம்ப மாட்டேன் என்ற அதே அப்பா, மெஷின் சொன்ன சுடுதண்ணீரில் ஒரு மாதமாகக் கால் வைக்கிறார். மகன் வாயால் வந்தபடியால்.

அண்ணா சொல்வதில் பாதி

அண்ணாவை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நிமிடம் என்று அவர் சொல்வது உண்மைதான். காலையில் நம்பர் எடுத்து, மத்தியானம்வரை வாங்கில் இருந்து, உள்ளே போனதும் 'பிறசர் எவ்வளவு, மருந்து அதேதான்' என்று வெளியே வரும் அனுபவம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களின் மேசையில் கொப்பிகள் இன்னும் உயரமாக அடுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2023இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் சனம் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு வைத்தியர்கள் எழுதிய பதிலையும் செயலி எழுதிய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது யாருடையது என்று சொல்லாமல், மருத்துவத் துறையினரிடமே மதிப்பிடக் கொடுத்தார்கள். 100க்கு 78 தடவைக்கு மேல் செயலியின் பதிலே நல்லது என்றார்கள். அது கூடுதல் கனிவாகவும் இருந்ததாம். வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் எழுதிய பதிலைத்தான் அங்கே ஒப்பிட்டார்கள். யாருடைய காலையும் யாரும் பார்க்கவில்லை.

'மெஷின் பிழை விடாது' என்ற பாதிதான் பிசகு. அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினி முறை இருந்தது. கிருமித் தொற்றால் உடல் முழுவதும் குலைந்துபோகும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே கண்டு எச்சரிப்பது அதன் வேலை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2021இல் அதைச் சரிபார்த்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவியை எடுங்கள், கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் பார்த்தது. அமெரிக்காவில் 2020இல் வந்த ஆய்வின்படி, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஒட்சிசன் குறைவை அது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது. அதற்குள் செயற்கை நுண்ணறிவு ஒன்றும் இல்லை, வெறும் ஒளிதான். என்றாலும் யாருடைய உடம்பை அளவாக வைத்து ஒரு கருவியைச் செய்கிறோமோ அவருக்குத்தான் அது சரியாகப் பொருந்தும். எங்கள் தோல் நிறமும் எங்கள் பேச்சும் அந்த அளவுகோலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணா யோசிக்கட்டும்.

நன்றாக வேலை செய்த இடங்களும் உண்டு. சுவீடனில் 80,000 பெண்களின் மார்பக எக்ஸ்றே படங்களை வைத்து நடந்த சோதனையில், கருவியின் உதவியோடு வாசித்தபோது வைத்தியர்களின் வாசிப்பு வேலை 44 வீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. சயரோகத்துக்கு 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்றேயைக் கணினியால் வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்தது. இவற்றில் கருவிக்குக் கொடுத்தது ஒரு சின்ன வேலை, எல்லை கீறிய வேலை. அதன் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கண் கருவியும் இந்தச் சாதி. அண்ணாவின் செயலி அப்படியில்லை. எதைக் கேட்டாலும் அது பதில் சொல்லும். இரண்டையும் ஒரே 'மெஷின்' என்று சொல்லித்தான் உங்கள் வீட்டில் சண்டை நடக்கிறது. அப்பா நம்ப வேண்டியதை நம்பவில்லை, அண்ணா சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்படவில்லை.

எங்கள் சனம் நம்புமா?

அமெரிக்காவில் 2023 தொடக்கத்தில் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், தங்கள் வைத்தியர் செயற்கை நுண்ணறிவை நம்பி வைத்தியம் பார்த்தால் சங்கடமாக இருக்கும் என்று 10 பேரில் 6 பேர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றி என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

இயந்திரத்தை எங்கள் சனம் ஏற்கனவே நம்புகிறது. இரத்தப் பரிசோதனையை இயந்திரம்தான் எண்ணுகிறது. ஈசிஜி தாளின் மேல் வரியில் இருக்கும் ஆங்கில வாசகம் பல கருவிகளில் இயந்திரம் எழுதியதுதான். அப்பா விரலில் குத்திப் பார்க்கும் சீனி மீற்றரும் இயந்திரமே, அதோடு அவர் கோபித்ததில்லை. இங்கே எனக்கு இருக்கும் பயம் மற்றப் பக்கம்தான். 'கொம்பியூட்டரில வந்தது பிழைக்குமோ' என்று, அச்சடித்த தாளுக்கு வைத்தியரின் சொல்லைவிட மரியாதை கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. வைத்தியர்களும் இதற்கு விலக்கில்லை. போலந்தில் பெருங்குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் வைத்தியர்கள் கருவியோடு பழகிய பிறகு, கருவி இல்லாமல் பார்க்கும்போது கட்டிகளைக் கண்டுபிடிக்கும் வீதம் 28இல் இருந்து 22க்கு இறங்கியது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. கைத்தடி பிடித்துப் பழகினால் கால் சோரும் என்பது எங்களுக்கும்தான்.

அப்புறம், புதுவைத்தியம் ஒன்றை இந்த ஊர் நம்பத் தொடங்கிய கதை ஏற்கனவே ஒன்று இருக்கிறது. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்தார். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பரியாரியாரிடம் நாடி பார்த்துப் பழகிய சனத்திடம் அந்த வைத்தியம் தமிழில் போய்ச் சேர்ந்தது. மானிப்பாயில் அவர் பெயரில் வைத்தியசாலை இருக்கிறது. இன்றைய இயந்திரத்துக்கும் நான் வைக்கும் முதல் சோதனை அதுதான்: 'விறைக்குது' என்றால் என்ன என்று அதற்குத் தெரியுமா? தெரியாவிட்டால், 'எப்படி விறைக்குது ஐயா?' என்று திருப்பிக் கேட்குமா?

பிழைத்தால் யாரைக் கேட்பது?

நான் சட்டத்தரணி இல்லை, வைத்தியராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இலங்கையில் மேலைத்தேய வைத்தியம் பார்ப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். ஒரு செயலி அங்கே பதிய முடியாது. ஆகவே வைத்தியசாலையில் எந்தக் கருவி எதைச் சொன்னாலும், அதை ஏற்று உங்களுக்கு மருந்து எழுதும் வைத்தியரே அந்த முடிவுக்குப் பொறுப்பு. 'கொம்பியூட்டர் சொன்னது' என்று அவர் கைகழுவ முடியாது. தனியார் நிலையம் என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதுவும் பதிவு செய்திருக்க வேண்டும். அவற்றைக் கண்காணிக்கத் தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. போனில் இருக்கும் செயலிக்கு இப்படி ஒரு கதவும் இல்லை. அது தரும் பதிலோடு 'வைத்தியரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டு அந்தக் கொம்பனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். உங்கள் அண்ணாதான் அங்கே வைத்தியர், அவருக்கே தெரியாமல்.

படம் எடுத்த நிலையத்துக்கு ஒரு தரம் போய் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, இந்த முடிவைப் பார்த்துக் கையெழுத்து வைக்கும் வைத்தியர் யார்? இரண்டாவது, நோய் தெரிந்ததால் இப்படி வந்ததா, படம் தெளிவில்லாததால் வந்ததா? மூன்றாவது, படத்தின் பிரதி கிடைக்குமா? கண் வைத்தியருக்கு அது உதவும். கேட்பது அவமரியாதை இல்லை. பதில் சொல்ல ஒருவரும் முன்வராவிட்டால், அடுத்த வருடம் படம் எடுக்க வேறு இடம் பாருங்கள்.

கொப்பிப் படங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீளப் பார்க்கக் கோரும் உரிமையும் அதில் இருக்கிறது. ஆனால் அது நடைமுறைக்கு வருவதில் இழுபறி இருந்தது. வெளிநாட்டுக் கொம்பனியின் கணினிக்குள் போனதை இங்கிருந்து திருப்பி எடுப்பது லேசு இல்லை. அண்ணாவிடம் முன்னே அனுப்பிய கதைகளை அழிக்கச் சொல்லுங்கள். இனி ஏற்றுவதென்றால் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் இலக்கம் எல்லாவற்றையும் விரலால் மறைத்துப் படம் எடுக்கட்டும்.

இரவு இரண்டு மணிக்கு

இனி உங்களைப் பற்றி. நீங்கள் ஒளிக்கிற மாதிரி அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? அம்மாவை எழுப்பினால் அவர் பயப்படுவார், அண்ணாவுக்கு எடுத்தால் அவரும் செயலியைத்தான் தட்டிக் கேட்பார். விழித்திருப்பது போன் ஒன்றுதான்.

ஆனால் ஆறுதலும் பரிசோதனையும் வேறு வேறு. செயலி உங்களிடம் 'இது பதற்றம்தான்' என்றிருக்கிறது. இருக்கலாம். வீட்டில் இரண்டு வயதானவர்கள், வேலை, நடுவில் நின்று இழுபடுவது நீங்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது. ஆனால் 38 வயதுப் பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கும்போது இரத்தச்சோகை இருக்கிறதா, தைரொயிட் கூடியிருக்கிறதா, இதயத்தின் தாளம் பிசகுகிறதா என்று பார்க்காமல் பதற்றம் என்று நான் எழுத மாட்டேன். ஓர் ஈசிஜி, இரண்டு இரத்தப் பரிசோதனை. பக்கத்து அரச வைத்தியசாலை ஓபிடியில் காசில்லாமல் தொடங்கலாம். படபடப்போடு நெஞ்சு நோவு, மயக்கம், மூச்சு வாங்குதல் ஏதாவது வந்தால் அந்த நேரம் தட்ட வேண்டியது 1990. சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2018இல் இருந்து எங்கள் பக்கமும் ஓடுகிறது.

செயலியை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. வைத்தியரிடம் போகுமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்த, ரிப்போட்டில் இருக்கும் ஆங்கிலச் சொல் என்னவென்று விளங்க அது நல்ல உதவி. எந்தக் குளிசையைத் தொடங்குவது, எதை நிறுத்துவது, வலியைப் பொறுப்பதா ஓடுவதா என்ற இடத்தில் அதை மூடி வையுங்கள்.

அப்பாவை வற்புறுத்தலாமா என்றீர்கள். புத்தி தெளிவாக இருக்கும் மனிதர், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. இழுத்துக்கொண்டு போனால் அடுத்த தரம் வரமாட்டார். துண்டைப் பற்றியே கதைக்காமல், "அப்பா, ஒரு மனுசர் உங்கட கண்ணைப் பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் அண்ணாவைப் பிடியுங்கள். சுடுதண்ணீருக்கு மகன் சொல் கேட்டவர் கண்ணுக்கும் கேட்பார். அண்ணா செயலியிடம் கேட்காமல் அப்பாவோடு நேரே கதைக்கட்டும்.

போகும் நாளில் கிளினிக் கொப்பி, அந்தத் துண்டு, குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துத்தான் விழித்திரையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சில மணித்தியாலம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். சைக்கிளில் தானே போய்வருகிறேன் என்பார், விடாதீர்கள்.